இருப்புப்பாதை வந்த கதை – 3: ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு

செங்குன்றத்துப் பாறைகளைச் சாலை வேலைக்குச் சுமந்துவந்த சின்னஞ்சிறு தடத்தைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். 1837-ல் ஆர்தர் காட்டனின் முயற்சியில் ஓடிய அந்தப் பாதைதான் இந்தியாவின் முதல் இருப்புப்பாதை. ஆனால் அது கல் சுமந்த பாதை. அதில் சீட்டு வாங்கி ஏறிய பயணி கிடையாது, நிலையம் கிடையாது, கால அட்டவணையும் கிடையாது. பெரும்பாலான நாட்களில் வண்டியை இழுத்தவை மாடுகளும் மட்டக்குதிரைகளும்தான். சாலை வேலை ஓய்ந்ததும் தடமும் ஓய்ந்தது.

அதன்பின் 1856 வரை சென்னையில் ரயில் என்பது காகிதத்தில் மட்டுமே ஓடியது. அந்தக் காகிதங்களும் சென்னையில் எழுதப்பட்டவை அல்ல.

லண்டனில் பிறந்த கம்பெனி

1845-ல் இங்கிலாந்தை ரயில் பித்து பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கையில் நாலு காசு உள்ளவர்கள் எல்லாம் ரயில்வே பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். அந்த வேகத்தில் லண்டனில் தோன்றியதுதான் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. சென்னையிலிருந்து வாலாஜாப்பேட்டைக்கு ஒரு பாதை போடுவது அதன் முதல் திட்டம். பித்து தெளிந்ததும் பணம் வற்றியது, கம்பெனி கலைந்தது. 1849-ல் மறுபடி கூடினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 1852-ன் இறுதி ஆகிவிட்டது.

அந்த ஒப்பந்தத்தின் சாரத்தைப் புரிந்துகொண்டால் பிற்பாடு நடந்த பலவும் விளங்கும். முதல் போடுவது லண்டன் பங்குதாரர்கள். நிலத்தை இலவசமாகத் தருவது இங்குள்ள அரசு. பாதை லாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும், போட்ட முதலுக்குச் சுமார் 5 சதவீத வட்டி உறுதி. வருமானம் குறைந்தால் துண்டு விழும் தொகையை அரசு தன் வருவாயிலிருந்து ஈடுகட்டும். அரசின் வருவாயில் பெரும்பகுதி நிலவரி. ஆக, ரயில் நஷ்டத்தில் ஓடினால் அந்த நஷ்டத்தைக் கட்டுபவர் ஏர் உழுகிற குடியானவர். மெட்ராஸ் ரயில்வே நெடுங்காலம் அந்த 5 சதவீதத்தைத் தானாக ஈட்ட முடியாமல் திண்டாடியது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

இதை அன்றே கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? சென்னையில் முதல் தடத்தைப் போட்ட அதே ஆர்தர் காட்டன். இந்த நாட்டுக்கு உடனடித் தேவை மலிவான போக்குவரத்து, அதை வாய்க்கால்கள் தரும், அதே வாய்க்கால் பாசனத்துக்கும் ஆகும் என்பது அவர் கட்சி. கோதாவரியிலும் காவிரியிலும் அணை கட்டியவர் பேசுகிறார் என்றால் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லண்டன் முதலாளிக்கு உறுதி வட்டி வேண்டியிருந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் படையை விரைந்து நகர்த்தும் வழி வேண்டியிருந்தது. லங்காஷயர் ஆலைக்குப் பஞ்சு வேண்டியிருந்தது. மூன்றும் தண்டவாளத்தின் மேல் ஒன்று சேர்ந்தன.

சென்னை அரசின் ஆலோசகப் பொறியாளராக இருந்த பியர்ஸ் என்ற ராணுவ அதிகாரி பாதையின் போக்கை ஆராய்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடையாமல் மறுபக்கம் போக ஒரே வழி பாலக்காட்டுக் கணவாய். எனவே சென்னையில் தொடங்கி, பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து, சேலம், கோவை வழியாகக் கணவாயைக் கடந்து மலபார்க் கடற்கரையைத் தொடுவது என்று முடிவாயிற்று. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் இணைக்கும் அந்த நெடும்பாதையின் முதல் துண்டுதான் ராயபுரம் – வாலாஜா.

ஏன் ராயபுரம்?

இன்று சென்னைக்கு ரயில் நிலையம் கட்ட இடம் தேடினால் யாரும் ராயபுரத்தை முதலில் சொல்ல மாட்டார்கள். 1850-களில் அது மிகச் சரியான இடம். காரணம் கடல்.

அன்றைய சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. கப்பலுக்கே போய்ச் சேரும் இரும்புப் பாலம் 1861 வாக்கில்தான் வந்தது. அதுவரை இங்கிலாந்திலிருந்து வந்த எதுவும், ரயில் வேலைக்கான இரும்பு உட்பட, இந்தப் படகோட்டிகளின் கையை நம்பித்தான் கரைக்கு வந்தது. பாதையைத் திட்டமிட்டது லண்டன் என்றாலும், அதன் கனத்தை முதலில் தாங்கியது ராயபுரம், காசிமேடு பகுதிகளின் கடலோடிகளுடைய தோள்.

படகுகள் இறக்கிய சரக்கு சேர்ந்த இடம் கறுப்பர் நகரம், அதாவது பின்னாளைய ஜார்ஜ் டவுன். செட்டிமார், கோமுட்டிகள், குஜராத்திகள், ஆர்மீனியர், ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் எல்லாருடைய கிடங்கும் கடையும் அங்கேதான். சுங்கச் சாவடியும் அந்தக் கடற்கரையில்தான். தெற்கே கோட்டை. வடக்கே, நகரின் மதிலுக்கு வெளியே, கடலை ஒட்டி விரிந்து கிடந்த இடம் ராயபுரம். கோட்டைக்கு மிக அருகில் நிலையம் வைக்க முடியாது. தடையின்றிச் சுடுவதற்காகச் சுற்றிலும் வெளியாக விட்டிருந்தார்கள். கறுப்பர் நகரத்துக்குள் நுழைய இடமில்லை. ராயபுரத்தில் இடம் இருந்தது, கடல் இருந்தது, சந்தை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

வில்லியம் அடெல்ஃபி டிரேசி வரைந்த நிலையக் கட்டடம் அங்கே எழுந்தது. உயர்ந்த வெள்ளைத் தூண்கள், அகன்ற முகப்பு, பெரிய கூடம். அதுவரை சென்னைவாசி அப்படிப்பட்ட தூண்களைக் கவர்னர் மாளிகையிலும் விருந்து மண்டபத்திலும்தான் பார்த்திருந்தார், அதுவும் வெளியே நின்று. பயணச்சீட்டு வாங்கியவர் எவரும் உள்ளே போகலாம் என்று ஒரு கட்டடம் வந்தது இதுவே முதல் முறையாக இருக்கக்கூடும். வந்து ஏறும் இடம் மட்டுமல்ல, கம்பெனியின் தலைமையகமும் இதுதான். அதன் நிர்வாகம் இங்கிருந்துதான் நடந்தது.

மண் சுமந்தவர்கள்

1853 ஜூன் 9-ல் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ். நியூகாசிலில் ஸ்டீபன்சன் பட்டறையில் தொழில் பயின்றவர். ஸ்காட்லாந்து எல்லையில் ட்வீட் ஆற்றுக்கு மேல் எழுந்த புகழ்பெற்ற ரயில் பாலத்தில் வேலை செய்தவர். சென்னைக்கு வரும்போது வயது முப்பதை ஒட்டித்தான்.

அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அந்நாளில் அரசு வேலை என்றால் கிராமத்து ஆட்களைப் பிடித்து இழுத்துவந்து வேலை வாங்குவது வழக்கம். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடிமக்களைச் சித்திரவதை செய்வதே நடைமுறையாக இருந்தது என்று அரசு அமைத்த விசாரணைக் குழுவே 1855-ல் ஒப்புக்கொண்டது. அந்தச் சூழலில் புரூஸ் கட்டாய உழைப்பை ஒதுக்கினார். விரும்பி வருபவருக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கினார். அப்படிச் செய்தால் ஆள் வரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. ஆள் வந்தார்கள், பாதையும் எழுந்தது.

மண் வேலைக்குப் பஞ்சமில்லை. ஏரி வெட்டுவதிலும் கரை உயர்த்துவதிலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த ஒட்டர்கள் இருந்தார்கள். குடும்பமே வேலைக்கு வரும். ஆண் வெட்டுவார், பெண் கூடையில் சுமப்பார், பிள்ளைகள் கூடை தூக்கிவிடுவார்கள். ரயில் கரை போடுவதும் ஏரிக்கரை போடுவதும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒரே வேலை. வித்தியாசம் ஒன்றுதான்: ஏரிக்கரை தண்ணீரைத் தடுக்க வேண்டும், ரயில் கரை தண்ணீருக்கு வழிவிட வேண்டும்.

இது சின்ன வித்தியாசம் அல்ல. சென்னையிலிருந்து வாலாஜா வரை மலை கிடையாது, குகை குடைய வேண்டியதில்லை. பம்பாய்க்காரர்கள் போர் காட் கணவாயில் பட்ட பாடு இங்கே இல்லை. ஆனால் ஆவடி தொடங்கித் திருநின்றவூர், திருவள்ளூர், மகேந்திரவாடி என்று வழி முழுக்க ஏரிகள். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும்படி பல்லவர் காலத்திலிருந்து பின்னிவைத்த நாடு இது. மகேந்திரவாடி ஏரி மகேந்திரவர்மன் பெயரையே தாங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட நாட்டின் குறுக்கே கிழமேலாக உயர்ந்த கரை போட்டால் மழைக்காலத்தில் ஒருபக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. எனவே பாதை நெடுகச் சிறு பாலங்களும் மதகுகளும் கட்ட வேண்டியிருந்தது. பொறியாளரின் கணக்கில் அவை சில்லறை வேலை. கடைமடை விவசாயிக்கு வாழ்வே அவைதான்.

பெரிய ஆறுகள் வேறு வகைச் சிக்கல். வாலாஜாவுக்கு மேற்கே, பாதையின் அடுத்த கட்டத்தில், பொன்னையாறு குறுக்கிட்டது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்ட மணல். வெள்ளம் வந்தால் அடிமணலும் சேர்ந்து ஓடும். பாறை தேடித் தோண்டினால் கிடைக்காது. அதற்கு விடை நம் நாட்டிலேயே இருந்தது. மணலின்மேல் செங்கல்லால் கிணற்று உறை கட்டி, உள்ளே உள்ள மணலை அள்ள அள்ள அது தன் பாரத்தால் இறங்கும். போதிய ஆழம் போனதும் உள்ளே அடைத்து அதன்மேல் தூண் எழுப்புவது. இங்கிலாந்திலிருந்து வந்த புரூஸ் இந்த முறையைக் கற்றுப் பயன்படுத்தினார். பின்னர் பொன்னையாற்றுப் பாலத்தை எடுத்துக்காட்டாக வைத்து, மணல் நிலத்தில் கிணறு இறக்கிப் பாலம் கட்டும் முறையைப் பற்றி லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தில் கட்டுரை படித்தார். உடல்நலம் கெட்டு 1856-ல் ஊர் திரும்பிய புரூஸ் பிற்காலத்தில் அந்தக் கழகத்துக்கே தலைவரானார். சர் பட்டமும் பெற்றார். கிணறு இறக்கியவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் ஏறவில்லை.

மரக்கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் கஜத்துக்கு ஒரு கட்டை என்று வைத்தால்கூட மைலுக்கு 1,760. 65 மைலுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். கறையானும் மழையும் சேர்ந்து சில ஆண்டுகளில் அவற்றை உளுத்துப்போகச் செய்யும். மறுபடி மாற்ற வேண்டும். எஞ்சினும் விறகைத்தான் தின்றது. நிலக்கரி கப்பலில் வர வேண்டும் என்பதால் விலை கட்டாது. முதல் ரயில் ஓடிய அதே 1856-ல்தான் சென்னை மாகாணத்துக்குக் காடுகளின் காவலராக ஹியூ கிளெகார்ன் என்ற மருத்துவர் நியமிக்கப்பட்டார். காடு அழிகிறதே என்ற கவலைக்கு ரயிலின் மரப்பசியும் ஒரு பெரிய காரணம். இன்று கடற்கரை மாவட்டங்களில் காணும் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு நகரத்து அடுப்போடு ரயில் எஞ்சினின் அடுப்பும் பொறுப்பு.

1856: ஜூன் 28, ஜூலை 1

பம்பாய் முந்திக்கொண்டது: 1853 ஏப்ரலில் தானே வரை 21 மைல். கல்கத்தா அடுத்து: 1854 ஆகஸ்டில் ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரை. சென்னை மூன்றாவது. தாமதமாக வந்தாலும் முதல் அடியிலேயே சுமார் 65 மைல், ஏறத்தாழ 105 கிலோமீட்டர்.

1856 ஜூன் 28, சனிக்கிழமை தொடக்க விழா. கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் வந்து பாதையைத் தொடங்கிவைத்தார். சென்னைக்கு வருமுன் டிரினிடாட் தீவின் கவர்னராக இருந்தவர் அவர். அங்கே பிறந்த அவருடைய மகன்தான் பின்னாளில் இங்கிலாந்து கிரிக்கெட் அணித் தலைவராகவும் பம்பாய் கவர்னராகவும் விளங்கிய இன்னொரு ஹாரிஸ் பிரபு. பெட்டிகளைச் செய்தது மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டி செய்து பெயரெடுத்த சென்னை நிறுவனம் அது. எஞ்சின் கடல் கடந்து வந்தது, பெட்டி உள்ளூரிலேயே பிறந்தது.

அன்று இரண்டு ரயில்கள் புறப்பட்டன. கவர்னரும் சுமார் 300 ஐரோப்பிய விருந்தினரும் ஏறிய வண்டி பாதையின் கடைசி வரை போயிற்று, அங்கே விருந்து. இந்தியர்களுக்கென விட்ட வண்டி திருவள்ளூர் வரை போய்த் திரும்பியது. தண்டவாளம் ஒன்றுதான், அதன்மேல் யார் எவ்வளவு தூரம் போகலாம் என்பது முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது. ஜூலை 1 முதல் பொதுமக்கள் பயணம் தொடங்கியது.

இங்கே ஒரு பிழையைத் திருத்திவிட்டு மேலே போகலாம். முதல் ரயில் ஆம்பூர் போயிற்று என்று பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். அது அம்மூர். இன்றைய வாலாஜா ரோடு நிலையத்தை ஒட்டிய ஊர். ஆம்பூர் அங்கிருந்து மேற்கே இன்னும் 70 கிலோமீட்டருக்கு அப்பால். 1856-ல் அங்கே தண்டவாளமே போகவில்லை. அன்றைய ஆவணங்கள் அந்தக் கடைசி நிலையத்தை ஆற்காடு என்றும் குறிக்கின்றன. ஆற்காடு நகரமோ பாலாற்றின் மறுகரையில் இருக்கிறது. ஆக ஒரே நிலையம் மூன்று ஊர்ப் பெயர்களில் உலவுகிறது. தேடிப் படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

வந்தது என்ன, போனது என்ன?

பாரம் ஏற்றிய மாட்டுவண்டி நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து மைல் போகும். வாலாஜாவிலிருந்து சென்னை வர ஐந்தாறு நாள். மழை பிடித்தால் கணக்கே இல்லை. அந்தத் தூரம் இப்போது ஒரு பகலுக்குள் அடங்கியது. ஜாதி ஆசாரம் பார்க்கும் இந்தியர் ஒரே பெட்டியில் நெருக்கி உட்கார மாட்டார்கள், ஆகவே சரக்குதான் வருமானம் தரும் என்று இந்திய ரயில் கம்பெனிகளின் லண்டன் கணக்கர்கள் நினைத்திருந்தார்கள். நடந்தது வேறு. மூன்றாம் வகுப்பில் இடம் போதவில்லை. ஆசாரம் அப்படியே இருந்தது. ஆனால் ஐந்து நாள் நடையை மிச்சப்படுத்துவதற்காக அதைக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துக்கொள்ள நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது.

கோயில் வழி சனம் பெருகியது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு அமாவாசைக் கூட்டம் எப்போதும் உண்டு. இப்போது அது ரயிலில் வந்தது. சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்கப் போகிறவர்கள் சோளிங்கர் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து இறங்கி, பிறகு அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நிலையம் இருப்பது பாணாவரத்தில். பாதையை நேராக இழுத்த பொறியாளருக்கு மலைமேல் இருந்த சாமி ஒரு பொருட்டல்ல. ஆனாலும் டிக்கெட் விற்கச் சாமியின் ஊர்ப் பெயர் தேவைப்பட்டது.

பெரம்பூரில் அதே 1856-ல் பணிமனை தொடங்கியது. கொல்லர், தச்சர், வார்ப்படக்காரர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் மாதச் சம்பளத்துக்கு வந்தார்கள். வடசென்னை தொழிலாளர் பூமியான கதை அங்கேதான் தொடங்குகிறது. அரக்கோணம் என்ற சிற்றூர் இரு பெரும் பாதைகள் பிரியும் சந்திப்பானது. அங்கிருந்து வடமேற்கே கிளம்பிய பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையைத் தொட்டது. மேற்கே போன பாதை 1862-லேயே பேப்பூரில் அரபிக் கடலைப் பார்த்துவிட்டது.

எல்லாருக்கும் வாழ்வு வரவில்லை. இதற்கு வாலாஜாப்பேட்டையே சாட்சி. ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் பெயரால் அமைந்த அந்த ஊர், கடற்கரைக்கும் மேட்டு நாட்டுக்கும் நடுவில் பெரிய சந்தை. மைசூர்ப் பக்கத்துச் சரக்கு கீழிறங்கி இங்கே வரும். சென்னைச் சரக்கு இங்கே வந்து பிரியும். அந்த வியாபாரத்தை நம்பித்தான் லண்டனில் பாதைத் திட்டத்தையே எழுதினார்கள். பாதை வந்தது, வந்த பாதை வாலாஜாவோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் குடியாத்தம், ஜோலார்பேட்டை என்று போய், 1864-ல் பெங்களூரையும் தொட்டுவிட்டது. சரக்கு பெங்களூரிலேயே ரயிலேறிச் சென்னையில் இறங்க முடியும் என்றான பிறகு நடுவில் ஒரு சந்தை எதற்கு? வண்டிப்பேட்டைகள் காலியாயின. ஊரிலிருந்து நிலையம் தள்ளியிருந்ததும் சேர்ந்துகொண்டது. ரயில் வந்தபின் வாலாஜாவின் வணிகம் நொடித்தது என்று ஆங்கில அரசின் விவரத் தொகுதிகளே பதிவு செய்திருக்கின்றன. சென்னை மாகாணத்தின் முதல் நகராட்சிகளில் ஒன்று என்ற பெருமை 1866-ல் அந்த ஊருக்குக் கிடைத்தது. பழைய சந்தை திரும்பக் கிடைக்கவில்லை.

1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் இந்தப் பாதைக்கு இரு முகமும் தெரிந்தது. கப்பலில் வந்திறங்கிய தானியம் சென்னைக் கடற்கரையில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. அதை உள்நாட்டுக்கு எடுத்துப் போனது ரயில்தான். தானியம் போன ஊர்களிலும் கையில் காசில்லாதவர்கள் செத்தார்கள். விளைச்சல் இருந்த ஊர்களிலிருந்து அதிக விலை கிடைக்கும் சந்தைக்குத் தானியத்தை இழுத்ததும் அதே ரயில். அரிசியைக் கொண்டுபோகத் தண்டவாளம் போதும்; பசித்தவர் தட்டில் போட அது போதாது என்று அந்தப் பஞ்சம் காட்டியது. வாய்க்கால் வேண்டும் என்று காட்டன் மறுபடி குரல் எழுப்பினார். 1878-ல் நாடாளுமன்றக் குழு முன்பு அவர் சாட்சியம் சொன்னது இந்தப் பின்னணியில்தான்.

நகரம் நகர்ந்தது

ராயபுரத்தைப் பெரிய நிலையமாக்கியது கடல். அதன் முக்கியத்துவம் குறைந்ததற்கும் கடற்கரையும் நகரமும் மாறியதுதான் காரணம். 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து நினைவுக்கல் நாட்ட, கோட்டைக்கு வடக்கே செயற்கைத் துறைமுகம் எழத் தொடங்கியது. 1881 புயல் அலைதடுப்புச் சுவர்களைப் பெயர்த்தெறிந்தபோதும் வேலை நிற்கவில்லை. மசூலாப் படகின் காலம் முடிந்தது. துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளம் போன பிறகு, கடலோர நிலையம் என்ற ராயபுரத்தின் தனித் தகுதி போயிற்று.

மறுபக்கம், உத்தியோகமும் வசதியும் உள்ளவர்கள் தெற்கேயும் மேற்கேயும் குடியேறினார்கள். பார்க் டவுனில் 1873-ல் ஹார்டிங் என்பவரின் வடிவமைப்பில் சென்ட்ரல் நிலையம் வந்துவிட்டது. கோட்டைக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் வேப்பேரிக்கும் அது நடு. கடற்கரைப் பாதை தெற்கே நீண்டதும் ராயபுரம் வழியில் வரும் ஒரு நிலையம் ஆயிற்று.

கடைசி அடி கணக்கேட்டிலிருந்து வந்தது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் ஒப்பந்தம் 1907 முடிவில் காலாவதியானது. அரசு பாதையை எடுத்துக்கொண்டு, 1908 முதல் பெரும்பகுதியை மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயிடம் ஒப்படைத்தது. ஜோலார்பேட்டைக்கு அப்பால் மங்களூர் வரையான பாதை தென்னிந்திய ரயில்வேக்குப் போயிற்று. பெரிய வண்டிகளெல்லாம் சென்ட்ரலில் நின்றன. 1922-ல் சென்ட்ரல் பக்கத்தில் தலைமை அலுவலக மாளிகை எழுந்தபோது ராயபுரத்திலிருந்த நிர்வாகமும் போயிற்று. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்ததும் அந்த மாளிகையில்தான் தலைமையகம் அமைந்தது.

இப்படி முக்கியத்துவம் இழந்தது ராயபுரம் மட்டும் அல்ல. மறுமுனையான பேப்பூரும் இதேபோல் 1888-ல் பாதை கோழிக்கோட்டுக்கு நீண்டதும் மங்கியது. அம்மூரை எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பாதையின் முனை என்ற பெருமை பாதை நீளும் வரைக்கும்தான்.

கட்டடம் இருக்கிறது, வேலை இருக்கிறதா?

பம்பாயின் முதல் நிலையமும் தானேயின் முதல் நிலையமும் இன்று இல்லை. முதல் தலைமுறை நிலையங்களில் இன்றும் நின்று, இன்றும் ரயில் வந்து போகும் கட்டடம் என்றால் அது ராயபுரம். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கூரை பெயர்ந்து கிடந்தது. வடசென்னை மக்களும் மரபு ஆர்வலர்களும் விடாமல் கேட்டதன் பேரில் பழுது பார்க்கப்பட்டு 2005-ல் மீண்டும் திறக்கப்பட்டது. சிவப்புச் சுவரும் வெள்ளைத் தூணும் அன்று மீண்டவை.

அந்த முகப்பின் முன் நின்று படம் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் புறநகர் மின்ரயில்களைத் தவிர இங்கே பெரிதாக எதுவும் நிற்பதில்லை. பக்கத்திலேயே மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் பெரிய பணிமனை இயங்குகிறது; நாடு முழுக்க ஓடும் விரைவு வண்டிகளின் எஞ்சின்கள் அங்கே வந்து போகின்றன. வண்டி மட்டும் இங்கிருந்து புறப்படுவதில்லை. ராயபுரத்தை நகரின் மற்றொரு முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னையின் நெடுநாள் கோரிக்கை. சென்ட்ரலிலும் எழும்பூரிலும் நடைமேடை கிடைக்காமல் வண்டிகள் வெளியே காத்துக் கிடக்கும் காலத்தில் இந்தக் கோரிக்கையைப் பழம்பெருமைப் பேச்சு என்று தள்ள முடியாது. நிலம் ரயில்வேயிடம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, பணிமனை இருக்கிறது. 1850-களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காரணங்களில் கடல் ஒன்றுதான் மாறியிருக்கிறது.

மரபுக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது பாதி வேலை. ரயில் நிலையத்தைக் காப்பாற்ற ஒரே வழி அதிலிருந்து ரயில் விடுவது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு நெடுந்தொலைவு வண்டியாவது நாள்தோறும் புறப்பட வேண்டும் என்று கேட்பது அதிகம் இல்லை. வடசென்னைக்காரர்கள் இதைப் பலகாலம் தனியாகக் கேட்டுவிட்டார்கள். மற்றவர்களும் சேர்ந்து கேட்கலாம்.

அடுத்த இதழில்: நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போன காவிரிக் கரைப் பாதை.